திங்கட்கிழமைப் படங்கள்

சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவுவது அந்த வீட்டில் அவருடைய வேலை. யாரும் அவர் தலையில் கட்டியதல்ல, அவராகவே பிடுங்கிக்கொண்டது. வேறு யார் கழுவினாலும் சோப்பு போகாது என்பது அவருடைய முடிந்த முடிவு. தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார், திருப்தி வராமல் மறுபடியும் குழாயடியில் காட்டுவார்.

"கல்யாணமான புதுசுல, எங்க வீட்டுக்காரர் எனக்கு எவ்வளவு ஒத்தாசை தெரியுமான்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்பாள் மனைவி. "அப்புறம்தானே தெரிஞ்சுது, ஒத்தாசையும் இல்லை ஒண்ணும் இல்லை, என் கை மேல சந்தேகம்னு."

அந்தச் சந்தேகம்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஆரம்பித்து, கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்கி, கடைசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் சிஸ்டம் ஆளாக வந்து உட்கார்ந்தவர் அவர். எந்த வயரையும் நம்ப மாட்டார். வேலை முடிந்தது என்று எல்லாரும் பையை மாட்டும்போது, "இன்னொரு தரம் பார்த்துடுவோம்" என்பார். அதுவே பட்டப்பெயராகிவிட்டது. "இன்னொரு தரம் வந்தாச்சா?" என்றுதான் வரவேற்பு மேசைப் பெண்கள் கேட்டுக்கொள்வார்கள்.

மச்சினிக்கு அதே சென்டரில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மனைவியின் தங்கை, ஸ்கேன் டெக்னீஷியன், மகளைத் தனியாக வளர்ப்பவள். அந்தச் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது.

சென்டரில் எடுக்கும் படங்கள் எல்லாம் மாடியில் இருந்த ஸ்டோரேஜ் பெட்டியில் போய்ச் சேரும். ஆனால் யாரும் பெட்டியை நேராகத் தொடுவதில்லை. கீழே சர்வரில் 'படங்கள்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. சர்வர் எழுந்திருக்கும்போது மாடிப்பெட்டியை நெட்வொர்க் வழியாக இழுத்து அந்த ஃபோல்டரின் மேல் மாட்டிக்கொள்ளும். மவுண்ட் ஆவது என்பார்கள்.

கொஞ்ச நாளாகத் திங்கட்கிழமைகளில் அது மாட்டாமல் நின்றது. சனிக்கிழமை மாலை, சென்டர் முதலாளியான டாக்டரின் மைத்துனர் தன் கையாலேயே மெயினை அணைத்துவிட்டுப் போவார். சென்டருக்கு மேனேஜர் அவர்தான். வயரிங் தீப்பிடிக்கும் என்று அவருக்கு ஒரு பயம். திங்கள் விடியலில் காவலாளி மெயினைப் போட, எல்லாம் ஒன்றாக எழும். ஒன்பது மணிக்கு வரும் நம்மவர், மவுண்ட் ஆகவில்லை என்று கண்டால் கீபோர்டில் ஒரு வரிக் கட்டளை அடிப்பார், சரியாகிவிடும். எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்க்கிறவர் இதை மட்டும் ஏனென்று கேட்கவில்லை. ஒரு வரியில் தீருகிற விஷயத்தில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அந்தச் சமயத்தில்தான் படங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்த நோயாளிகளின் படங்கள் மட்டும். ஸ்கேன் மெஷினோ 'அனுப்பியாகிவிட்டது' என்று சொல்லித் தன்னிடம் இருந்ததையும் அழித்துவிட்டிருந்தது. நோயாளிகளை மறுபடி கூப்பிட வேண்டியதாயிற்று. ஒருவர் வரவேற்பு மேசையைத் தட்டிச் சத்தம் போட்டார்.

மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். "அனுப்பினது அனுப்பியாச்சு, வந்தது காணோம். கை கால் முளைச்சு நடந்தா போச்சு? திங்கட்கிழமை காலையில யார் டியூட்டி?"

"என் மச்சினி."

"சர்வர் பாஸ்வேர்ட் யார்யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவளுக்கும்."

"நீங்க அழிக்க மாட்டீங்க" என்றார் மேனேஜர். நம்மவர் ஆமென்று தலையசைத்தார்.

எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு ஸ்கேன் சென்டர் வந்திருந்தது. நோயாளிகளின் விவரம் அங்கே போகிறது என்று மேனேஜர் கணக்குப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு நம்மவருக்கும் பார்த்ததெல்லாம் சாட்சியாகத் தெரிந்தது. டீக்கடையில் அந்தச் சென்டர் சட்டை போட்ட ஒருவனோடு மச்சினி சிரித்துப் பேசினாள். அவர் வருவதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. கையில் புது போன் வேறு.

"உன் தங்கச்சிக்குப் புது போன் ஏது?" என்று மனைவியிடம் மெதுவாகப் போட்டுப் பார்த்தார்.

"பழசு தண்ணியில விழுந்துடுச்சு, வேற வாங்கினா. ஏன், அதுலயும் சோப்பு போகலையா?"

சனிக்கிழமை மேனேஜர் முடிவாகச் சொன்னார். "இந்தத் திங்கட்கிழமையும் படம் காணோம்னா அவங்களை அனுப்பிடுவேன். உங்க முகத்துக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தேன்."

அன்று சாயங்காலம் மச்சினி சர்வர் அறை வாசலில் வந்து நின்றாள். "மாமா, எதிர் சென்டருக்கு நோயாளிங்க விவரத்தை வித்தீங்களான்னு மேனேஜர் முகத்துக்கு நேரா கேட்டார். நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா."

அது உண்மைதான். அவளுக்காகவும் அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

திங்கட்கிழமை அவளுக்கு முன்னால் போய், சர்வர் அறை விளக்கைப் போடாமல் உட்கார்ந்தார். கண்ணாடி வழியே ஸ்கேன் அறை தெரிந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மேனேஜருக்குத் தெரிவதற்குள் தானே அவளிடம் பேசி முடித்துவிடலாம் என்று எண்ணம். பிடிக்கக் கூடாதே என்றும் ஒரு பக்கம் அடித்துக்கொண்டது.

அவள் வந்தாள், கை கழுவினாள், ஒரு வயதானவரைப் படுக்க வைத்துப் படம் எடுத்தாள், அனுப்பினாள். அவர் திரையில் அந்தப் படம் வந்து உட்கார்ந்தது. அவள் பெரியவருக்குச் செருப்பை எடுத்து வைத்தாள். போனைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அந்தப் படமும் வந்தது.

ஃபோல்டரில் அந்த இரண்டோடு, பழைய படங்கள் சில மட்டும் கிடந்தன. வருஷக்கணக்கில் சேர்ந்தது எங்கே? ஓ, மவுண்ட் ஆகவில்லை. பழக்கதோஷத்தில் கை தானாக அந்த ஒரு வரியை அடித்தது.

பழையதெல்லாம் சரசரவென்று வந்து நிறைந்தது. பெரியவரின் படத்தைத் தேடினார். இல்லை.

வேறொரு வரி அடித்துப் பெட்டியைக் கழற்றினார். அடியில் இருந்த வெறும் ஃபோல்டரில் பெரியவரின் படம் இருந்தது. மாட்டினார், மறைந்தது. இன்னொரு தரம் கழற்றினார். இம்முறை கிடந்த பழைய படங்களின் பெயர்களைப் படித்தார். காணாமல் போன அத்தனை திங்கட்கிழமைகளும் ஒரே இடத்தில் அடுக்காகக் கிடந்தன. அவள் வெறும் ஃபோல்டரில் வைத்ததையெல்லாம், வாராவாரம் ஒன்பது மணிக்கு வந்து பெட்டியை மேலே மாட்டி மூடியது அவருடைய கைதான்.

ஏன் மாட்டாமல் நின்றது என்பதற்கும் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. சர்வருக்குப் புதுசாக, வேகமான டிஸ்க் போட்டதும் அவரே. பழைய டிஸ்க்கில் சர்வர் சோம்பல் முறித்து எழுவதற்குள் நெட்வொர்க்கும் மாடிப்பெட்டியும் தயாராகிவிடும். இப்போது அது துள்ளி எழுந்து, யாரும் எழாத வீட்டில் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் விட்டுவிடுகிறது. பெட்டி பதில் சொல்லும்வரை பொறுத்துக் கேட்கும்படி சர்வருக்கு எழுதி வைத்தார். பெட்டி மாட்டாதபோது வெறும் ஃபோல்டரில் யாரும் எதையும் வைக்க முடியாதபடி பூட்டினார். அணைத்துப் போட்டுப் பார்த்தார். மாட்டியது.

மேனேஜர் முழுக்கக் கேட்டார். "அப்ப நான் மெயினை அணைக்கிறதுதான் தப்புங்கறீங்களா?"

"இல்லை சார். தப்பு என்னுது."

"சரி, அவங்க இருக்கட்டும். எதுக்கும் ஒரு கண்ணு வெச்சுக்குங்க."

சாயங்காலம் மனைவி தங்கையை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். சமையலறையில் அவர் தட்டின் மேல் தட்டை வைத்துக் காட்டி விளக்கினார். "கீழ்த்தட்டுல இருந்தது உன் படம். மேல் தட்டை வெச்சது நான். எதுவும் தொலையலை, பார்த்துக்கோ."

மச்சினி டீயைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "காவலாளி சொன்னார், நீங்க எனக்கு முன்னாடியே வந்துட்டீங்கன்னு. விளக்குப் போடாம எதுக்கு மாமா உக்காந்திருந்தீங்க?"

"சர்வர் எப்படி எழுந்திருக்குதுன்னு பார்க்கத்தான்."

"ம்."

குடித்த டம்ளரை அவளே கழுவினாள். நன்றாகத் தேய்த்து, அலசி, மேடையில் கவிழ்த்து வைத்தாள்.

"இனிமே பயமில்லை" என்றார் அவர், பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று. "அடுத்த திங்கட்கிழமையும் நீதான் காலையில வரணும். வேற யாரு அந்த நேரத்துக்கு வருவாங்க? வர்றியாம்மா?"

சொல்லிக்கொண்டே டம்ளரை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார், மூக்கருகே கொண்டுபோனார், குழாயைத் திறந்தார். வாசலில் நின்ற மனைவி "ஐயோ, அதைக் கீழ வைங்க" என்றபோதுதான் தன் கையைப் பார்த்தார்.

மச்சினியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அக்காவைத் தாண்டிச் சமையலறையைவிட்டு வெளியே போனாள்.