சீசன் எப்படி என்று அக்கா கேட்டாள்

தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை கூடுதலாக ஓர் உத்தியோகம் உண்டு. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போன் செய்து, "சீசன் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். குற்றாலத்தில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று பதில் சொல்ல வேண்டும். சம்பளமும் பஞ்சப்படியும் கிடையாது.

நான் முப்பத்து நான்கு வருடம் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருந்தவன். அங்கே சீசன் என்றால் மாதாந்தரப் பயணச்சீட்டு. தினமும் திருநெல்வேலிக்குப் போய்வரும் வாத்தியார்களும் ஜவுளிக்கடை ஆட்களும் கண்ணாடித் துவாரத்தில் கையை விட்டு, "சீசன் ஒண்ணு" என்பார்கள். எந்தத் தேதியிலிருந்து செல்லும், எந்த வண்டியில் செல்லாது, தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. விதி எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தச் சொல் எந்த விதிக்கும் கட்டுப்படாமல் ஊர் முழுக்கத் திரிவதைக் கவனித்தேன். பாவூர்சத்திரம் சந்தையில் ஆஃப் சீசன் என்றால் காய் விலை ஏறிவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து பஸ் ஏறிக் குற்றாலத்துக்கு வந்து விடுதியில் கேட்டால், ஆஃப் சீசன் என்றால் அறை வாடகை இறங்கிவிட்டது என்று அர்த்தம். என் மருமகன் போனில் பார்க்கும் தொடருக்கு மூன்றாவது சீசன் வந்திருக்கிறதாம். எட்டிப் பார்த்தேன். சாரலும் இல்லை, குளியலும் இல்லை. எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

அருவிச் சீசன் ஒன்றாவது எனக்குத் தெளிவாக இருந்தது. அக்கா போன் செய்ததில் அதுவும் போயிற்று.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அத்தான் காலமான பிறகு சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறாள். வருடா வருடம் இங்கே வருவாள். வருவதற்கு முன் எதுவும் கேட்கமாட்டாள். "வெள்ளிக்கிழமை வண்டியில ஏறுதேன். ஸ்டேசனுக்கு வந்துரு" என்று தகவல் மட்டும் வரும்.

இந்த வருடம் ஆனி பிறந்து நாலைந்து நாள் ஆகியும் அருவிகள் காய்ந்து கிடந்தன. காலை பத்து மணி இருக்கும். அக்கா போன்.

"ஏலே, சீசன் எப்படி இருக்கு?"

கேட்ட கேள்விக்குக் கேட்ட அளவில் பதில் சொல்வது என் பழக்கம். அன்று காலைதான் குற்றாலம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எனவே முழு விவரமும் கையில் இருந்தது.

"மெயின் அருவில ஆம்பளைய பக்கம் ரெண்டு கோடு. பொம்பளைய பக்கம் நூல் மாதிரி. ஐந்தருவில மூணு கிளை காஞ்சு கெடக்கு. பழைய குத்தாலத்துக்குப் போறது வண்டிக்குத் தண்டச் செலவு. காத்து இன்னும் மேற்க இருந்து திரும்பல. இப்ப வந்து பிரயோசனம் இல்லக்கா."



"அப்படியாலே? சரி. பாத்துக்கிடுதேன்."

வைத்துவிட்டாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. கவுண்டரில் இவ்வளவு விவரமாக யாருக்கும் சொன்னதில்லை.

அடுக்களைக்குப் போனேன். என் மனைவி புது இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுத?"

"கல்லை சீசன் பண்ணுதேன். மக வீடியோ அனுப்பியிருக்கா."

"கல்லைப் பழக்குததுன்னுல்லா சொல்லுவோம்?"

"இப்ப இப்படிச் சொல்லுதாக. எண்ணெய் அதே எண்ணெய்தான். போன்ல யாரு?"

"அக்கா. சீசன் எப்படி இருக்குன்னு கேட்டா."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "மதினியா? மதினியா கேட்டாக?"

"ஆமா."

"நீங்க என்ன சொன்னிய?"

"உள்ளதைச் சொன்னேன். தண்ணி இல்ல, இப்ப வந்து பிரயோசனம் இல்லன்னு."

அவள் அடுப்பை அணைத்தாள். "வராதேன்னு சொல்லிட்டிய."

நான் அப்படி ஒரு சொல்லையே பயன்படுத்தவில்லை என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"போன வருசம் உங்க பெரியப்பா மகன் கேட்டப்ப என்ன சொன்னிய?"

"சீசன் டல்லுன்னு சொன்னேன்."

"அன்னைக்குத் தண்ணி ஆர்ச்சைத் தொட்டு விழுந்துச்சு."

உண்மைதான். மெயின் அருவியின் முன்னால் இருக்கும் பாதுகாப்பு வளைவை நாங்கள் ஆர்ச் என்போம். தண்ணீர் அதைத் தொட்டால் நல்ல சீசன். ஆனால் பெரியப்பா மகன் தனியாக வருகிறவன் இல்லை. ஒரு வேன் நிறைய ஆளும், ஊறப்போட வேண்டிய அழுக்குத் துணியும் கொண்டுவருகிறவன். மதுரையில் இருக்கும் பழைய சக ஊழியருக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன். "டிவில வேற மாதிரி காட்டுதானே சார்?" என்றார். அது போன வருடப் படம் என்றேன்.

"சீசன் சரியில்லன்னா வராதேன்னு அர்த்தம். நம்ம சொந்தத்துல பச்சப்புள்ளைக்கும் தெரியும். அதைக் கண்டுபிடிச்ச ஆளே நீங்கதான்" என்றாள் மனைவி.

"இப்ப நெசமாவே தண்ணி இல்லையே!"

"அதை யாரு கேட்டா? செல்லைத் திறந்தா அருவி நேரா வந்து நிக்குது. தண்ணி விழுதான்னு தெரிஞ்சுக்கவா உங்களுக்குப் போன் போடுதாக? வரட்டுமான்னு கேக்காக. அதுக்குப் போயி ஆம்பளைய பக்கம் ரெண்டு கோடு, பொம்பளைய பக்கம் நூலுன்னு..."

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. எந்த வருடமும் கேட்காதவள் இந்த வருடம் ஏன் கேட்க வேண்டும்? அதற்கும் மனைவியிடம் பதில் இருந்தது. அக்காவின் மகன் வீடு மாறுகிறான். அவன் பையனின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடு, இரண்டே அறை. ஆடி பிறப்பதற்குள் குடிபோக வேண்டும். அக்காவுக்குக் கூடத்தில் கட்டில் போடுவதாகப் பேச்சு. எல்லாம் ஒழுங்காகிற வரை இரண்டு மாதம் எங்கேயாவது இருந்துவிட்டு வந்தால் நல்லது என்று அவர்களும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

"எனக்கு ஏன் தெரியாது?"

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு மதினி சத்தியம் வாங்கிட்டாக."

தப்பான டிக்கெட் அடித்துவிட்டால் உடனே ரத்துசெய்து, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, புதிதாக அடிக்க வேண்டும். தாமதித்தால் நம் தலையில் விழும். உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நீ கிளம்பி வா."

"எதுக்குலே?"

"சும்மாதான்."

"சீசன்தான் இல்லைங்கியே."

"சீசன் கெடக்கு, விடு."

"நல்லாருக்குலே, காஞ்ச பாறையைப் பாக்கவா அவ்வளவு தூரம் வருவாக? தண்ணி விழட்டும். விழுந்த பொறவு சொல்லு."

இதை ரத்துசெய்ய எந்தப் படிவமும் இல்லை.

அதிலிருந்து தினமும் காலையில் குற்றாலத்துக்கு வண்டியை விட்டேன். பாறை, பாறையாகவே இருந்தது. சீசனை நம்பி ரம்புட்டானும் மங்குஸ்தானும் அடுக்கியிருந்த பழக்கடைக்காரர் என்னிடமே, "சீசன் எப்ப அண்ணாச்சி?" என்று கேட்டார். கேரள எல்லையில் இருக்கும் புளியறை வரைக்கும் போய், மலையிலிருந்து இறங்கும் கேரள லாரிகளின் தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தேன். அது நனைந்திருந்தால் ஓரிரு நாளில் இங்கே அருவி விழும் என்பது என் கணிப்பு. தார்ப்பாய் சுட்டது. லாரிக்காரர், "எந்தா, செக்கிங்கா?" என்றார். இப்படி அலைந்ததில் தும்மல் பிடித்துக்கொண்டது. டாக்டர், "சீசன் மாறுதுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார். மாறினால் நான் ஏன் இங்கே வரப்போகிறேன் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் மூன்று மாத்திரை எழுதிவிட்டார்.

வீட்டில் இன்னொரு சிக்கல். அக்கா தங்கும் கீழறையின் கதவைக் கரையான் அரித்துவிட்டது. கழற்றியாயிற்று. செங்கோட்டையில் வாங்கிய வேங்கைப் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. ஆசாரியை விரட்டினேன்.

"மரம் இன்னும் சீசன் ஆகலையே அண்ணாச்சி."

"நீருமா?"

"பச்சை மரம். இப்ப மாட்டினா மழைக்கு ஊதிக்கிடும். பொறவு கதவைச் சாத்த ரெண்டு ஆளு வேணும், திறக்க நாலு ஆளு வேணும்."

"எப்பதான் ஆகும்?"

"அதை மரத்தைல்லா கேக்கணும்."

குற்றாலத்தில் நனைந்தால் சீசன். ஆசாரிக்குக் காய்ந்தால் சீசன். அந்த ஆனி மாதத்தில் இரண்டுமே நடக்கவில்லை. அக்காவின் மகன் வீடு மாறும் நாள் மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆனி கடைசி வாரத்தில் தார்ப்பாய் நனைந்தது. மறுநாள் இரவெல்லாம் மலைமேல் மழை. புதன்கிழமை காலை மெயின் அருவிக்குப் போனேன். தண்ணீர் ஆர்ச்சைத் தொடவில்லை, தாண்டிக் குதித்தது. செம்மண் கலரில் மரக்கிளையெல்லாம் வந்து விழுந்தது. குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. குளிக்கத் தடை" என்றார் போலீஸ்காரர்.

"சீசன் ஆரம்பிச்சிட்டுல்லா?"

"உச்சத்துல இருக்கு. அதனாலதான் குளிக்க விடல."

தண்ணீர் இல்லாததால் ஒரு மாதம் குளிக்க முடியவில்லை. இப்போது தண்ணீர் இருப்பதால் முடியாது. சாரலில் நனைந்துகொண்டு நான் யோசித்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னால், இரண்டாம் முறையும் வராதே என்று சொன்னதாகிவிடும். ஆடி பிறக்க நான்கைந்து நாள்தான் இருந்தது. போனை எடுத்தேன்.

"அக்கா, சீசன் பிரமாதமா இருக்கு. பொம்பளைய பக்கம் அருமையா விழுது. கூட்டமே இல்ல."

கூட்டம் இல்லை என்பது மட்டும் உண்மை. யாரையும் விடவில்லை. அந்த நேரம் பார்த்து அபாய ஒலி ஊளையிட ஆரம்பித்தது.

"அது என்னலே சத்தம்?"

"ஐஸ் வண்டி."

"ஓ. சரி, வெள்ளிக்கிழமை வண்டியில ஏறுதேன். ஸ்டேசனுக்கு வந்துரு."

போனை வைத்த பிறகுதான் தொழில் புத்தி விழித்தது. சீசன் நேரம், வெள்ளிக்கிழமை வண்டி, இடையில் ஒரே ஒரு நாள். படுக்கை கிடைக்கவே கிடைக்காது. அக்காவோ டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது எப்படி என்று குழம்பிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை காலை நானும் மனைவியும் ஸ்டேஷனுக்குப் போனோம். அக்கா வழக்கமாகக் கொண்டுவரும் ஒரு பைக்குப் பதில் இரண்டு பெட்டியோடு இறங்கினாள். பெட்டியைக் கையில் வாங்கிய என்னிடம் முதல் கேள்வி:

"தடை எடுத்தாச்சாலே?"

"எந்தத் தடை?"

"டிவில ரெண்டு நாளா அதைத்தானே காட்டுதான்? ஐஸ் வண்டியாம்லா, ஐஸ் வண்டி!" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். "ஏட்டி, உன் வீட்டுக்காரன் ஒரு பொய்யாவது உருப்படியா சொல்லியிருக்கானா?"

"பொய் சொல்லத் தெரியாதே மதினி, உண்மை சொன்னாத்தான் வினை" என்றாள் மனைவி.

அக்காவுக்குப் போனில் டிக்கெட் போடுவதில் நம்பிக்கை இல்லை. கவுண்டரில் வாங்கிய சீட்டை வழக்கம்போல என்னிடம் கொடுத்தாள். வழக்கம்போல அதைப் படித்தேன். கீழ்ப்படுக்கை, உறுதியானது. சீட்டு வாங்கிய தேதி ஓரத்தில் அச்சாகியிருந்தது, அதையும் பார்த்தேன். 'நீ கிளம்பி வா' என்று நான் திருப்பிக் கூப்பிட்டேனே, அதற்கு மறுநாள் வாங்கியிருக்கிறாள். தண்ணீர் விழட்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, போய் வரிசையில் நின்றிருக்கிறாள். அப்படியானால் நான் எதற்காக ஒரு மாதம் லாரித் தார்ப்பாயைத் தடவிக்கொண்டு திரிந்தேன்? கேட்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அதே பிளாட்பாரத்தில் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ரிட்டர்ன் என்னைக்குக்கா போடணும்?" சீட்டுத் தீர்ந்துவிடும் என்ற அக்கறையில் கேட்பது. வாய் வரை வந்தது. மனைவி என் செருப்பை மிதித்தாள்.

வீட்டில் கீழறை வாசலில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அக்கா அதை விலக்கிப் பார்த்தாள்.

"கதவு எங்கலே?"

"ஆசாரி மரம் சீசன் ஆகலைங்கான்."

அவள் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்திருந்த பலகையைப் பார்த்தாள்.

"நல்ல மரமாத்தான் இருக்கு. நீ எங்க கவனிச்சு வாங்கப்போற? கதவு மாட்டுத வரைக்கும் நான் இருந்து பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

நான் சரி என்றேன். அவள் பெட்டியைத் திறந்து சேலைகளை அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

வெளியே வந்து ஆசாரிக்குப் போன் செய்தேன். அவசரம் ஒன்றும் இல்லை, மரம் நன்றாகக் காயட்டும், தை மாதம் ஆனாலும் பரவாயில்லை என்றேன்.

"என்ன அண்ணாச்சி, நேத்து வரைக்கும் கழுத்துல துண்டைப் போட்டு இழுத்திய? இப்ப என்ன ஆச்சு? எனக்கு ஒண்ணும் வெளங்கலையே" என்றார் அவர்.