பொட்டு வைக்காத மெஷின்

என் அண்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் இருபது வருடமாக லேத் ஓட்டுகிறவன். எந்த மெஷினானாலும் பொட்டு வைத்து, சக்கரம் இருந்தால் அடியில் எலுமிச்சம்பழமும் வைக்காமல் ஓட்ட மாட்டான்.

என் வியாதி வேறு. ரத்தப் புற்றுநோய், அதிலும் முரட்டு ரகம். கீமோவில் அடங்கியது. ஆனால் திரும்பி வர வாய்ப்பு அதிகம், ஸ்டெம் செல் மாற்றினால்தான் நம்பிக்கை என்றார் டாக்டர். பொருந்தியது அண்ணன் ஒருவன்தான். சின்ன வயதில் பென்சிலைக்கூடத் தொட விடாதவன், கேட்டதும் இரண்டு கையையும் நீட்டிவிட்டான்.

செல்லைப் பெருக்க அவனுக்கு ஐந்து நாள் ஊசி. எலும்பெல்லாம் வலிக்கிறதென்று வீட்டை இரண்டாக்கினான். பிறகு ஒரு மெஷினோடு இணைத்தார்கள். ஒரு கையில் ரத்தத்தை எடுத்து, ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கையில் ஏற்றும் மெஷின். நாலு மணி நேரம் ஓடியும் போதவில்லை, நாளைக்கும் வாருங்கள் என்றார்கள். என்ன ஆயிற்றென்று அவனுக்குப் போன் போட்டேன். அவனோ போனில் என் மேலேயே பாய்ந்தான்.

"பூஜை போடாத மெஷின் எப்படி ஓடும்? நான் அப்பவே சொல்லல?"

மறுநாள் சட்டைப் பையில் குங்குமமும் எலுமிச்சம்பழமுமாகப் போயிருக்கிறான். ஊசி குத்துவதற்கு முன், நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் மெஷினுக்கு ஒரு பொட்டு. பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளும்போது மாட்டிக்கொண்டான்.

"நக்கோ சார், நக்கோ!" வேண்டாமென்று தன் ஊர்ப் பேச்சில் பதறினார் நர்ஸம்மா.

பொட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, பழத்தையும் பிடுங்கிக்கொண்டார். சாயங்காலம் அது அவருடைய ஸ்கூட்டர் சக்கரத்துக்கு அடியில் இருந்ததாக அண்ணன் இன்றுவரை சத்தியம் செய்கிறான். எப்படியோ, அன்று வேண்டிய அளவு வந்துவிட்டது.

எனக்கு ஏற்றினார்கள். இனி அது எனக்குள் ஊன்றி, புது ரத்தம் ஊற வேண்டும். தனி அறையில் அடைந்து கிடந்த எனக்குத் தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து போன் வரும்.

"ப்ரொடக்‌ஷன் ஸ்டார்ட் ஆச்சா?"

"இன்னும் இல்லண்ணா."

"புது எடம். செட்டாக டைம் எடுக்கும்."

பதிமூன்றாம் நாள் அவன் கேட்கவே இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அவனே பயந்துவிட்டானே என்று, "செட்டாக டைம் எடுக்கும்ண்ணா" என்றேன் நான்.

பதினாறாம் நாள் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். அணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன.

"ஓடுதுண்ணா!" என்றேன் போனில். அவன் போட்ட கூச்சலில் பஸ்ஸையே ஓரம் கட்டிவிட்டார்களாம்.

இந்த வருட ஆயுத பூஜையில் ஸ்கூட்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவன், என் நெற்றியிலும் ஒன்று வைத்தான். குனிந்து என் வலது காலுக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தான்.

"உள்ள ஓடறது நம்ம சரக்குதானே? மிதி."

ஓங்கி மிதித்தேன். சாறு அவன் கண்ணில் தெறித்தது. எரிகிறது, எரிகிறது என்று வெகு நேரம் துடைத்துக்கொண்டே இருந்தான்.