காயாத பெயிண்ட்

உப்பளத்துக் காற்றில் எங்கள் வேனின் இடது பக்கக் கதவு துருப்பிடித்திருந்தது. மறுநாள் மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் குடும்பத்தோடு பாண்டி போக வேண்டும். சம்பந்தி வீட்டார் முன்னால் அதில் போய் இறங்க எனக்கு வெட்கம். வாசலிலேயே நிறுத்தி, துருவைத் தேய்த்து, பட்டி பார்த்து, நானே பெயிண்ட் அடித்தேன்.

அடித்து முடித்த நேரம், எதிர்வீட்டுக் கலியமூர்த்தி ஓடி வந்தார்.

"அண்ணே, செல்வி உப்பளத்துல மயங்கி விழுந்துட்டா. வாயி கோணிக்கிச்சு. வேனை எடுங்கண்ணே!"

செல்வி அவர் மனைவி.

"இப்பதாம்பா பெயிண்ட் அடிச்சேன், இன்னும் காயல. ஆம்புலன்ஸுக்குப் போன் போடேன்" என்றேன்.

அவர் அந்த ஈரக் கதவை ஒரு நொடி பார்த்தார். "சரிங்கண்ணே" என்று திரும்பி ஓடினார்.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. செல்வி வழியிலேயே இறந்துவிட்டாள்.

சாவு வீட்டில் அவள் தம்பி கத்தினான். "எதிர்லயே வேன் நிக்குதே, கேக்கலியா மாமா?"

"கேட்டேன்டா. பெயிண்ட் ஈரமா இருந்துச்சு, அவரு என்னா பண்ணுவாரு?" என்றார் கலியமூர்த்தி. நான் மாலையோடு பின்னால் நின்றிருந்தேன்.

ஈரமாக இருந்தது இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கக் கதவைத் திறந்து அவளை ஏற்றியிருக்கலாம். அது எனக்கு அப்போதே தெரியும். வழியில் புழுதி ஒட்டிவிடுமே என்றுதான் யோசித்தேன்.

உண்மையைச் சொல்லிவிட அவர் வீட்டுக்குப் பலமுறை போயிருக்கிறேன். "வாங்கண்ணே" என்று நாற்காலி எடுத்துப் போடுகிறார். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். அவர் என்னைத் திட்டக்கூடிய ஆளாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.