கடைசிப் பக்கத்தில் வராமல்போன நன்றி

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுநாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவர் நடத்திய இதழைப் படித்து வந்தவர்களுக்கும் தம்பியின் வணக்கம். கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர். எனக்கு நன்றாக எழுத வரும் என்பது அவருடைய நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு ஒரு காலத்தில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதனால் விளைந்ததையும் சொல்லத்தான் போகிறேன்.

அக்கா பிறந்தது ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். அப்பாவும் அம்மாவும் மற்றவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பத்தாவது முடித்ததும் அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். அவர் சம்பாத்தியத்தில்தான் நான் ஐ.டி.ஐ. படித்தேன். திருமணமாகிக் கவரைப்பேட்டைக்கு வந்த பிறகும் வேலையை விடவில்லை. இரண்டு பெண் குழந்தைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போனார். பட்ட கஷ்டத்தைச் சொல்லிக்காட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. கேட்டால், "அதான் தாண்டி வந்துட்டமே, இன்னா இப்ப?" என்பார்.

அக்காவோடு ஒன்றாக வேலை பார்த்த ஒரு பெண் வேறு ஷிஃப்டுக்கு மாறிப் போனார். ஒரு மாதம் கழித்து அவரைப் பார்த்தபோது அக்கா, "அம்மா நல்லாகீறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா இறந்து, காரியமெல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. ஒரே சுவருக்குள் வேலை பார்த்துக்கொண்டு ஒருவர் வீட்டுச் சாவு இன்னொருவருக்குத் தெரியாமல் போவதா என்று அழுதார். அடுத்த மாதமே ஒரு தாளில் இரண்டு பக்கமும் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கேண்டீனில் கொடுத்தார். யார் வீட்டில் கல்யாணம், யார் தவறிப்போனார், யார் பிள்ளை பன்னிரண்டாவது பாஸ், எங்கே ஆள் எடுக்கிறார்கள். இதழ் அப்படித்தான் தொடங்கியது. பிறகு எட்டுப் பக்கமாக வளர்ந்து சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் போனது. கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பது என் வேலை.

கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில், 'கை கொடுத்தவர்கள்' என்று தலைப்புப் போட்டு, அந்த மாத இதழுக்கு உதவியவர்களுக்கு அக்கா நன்றி எழுதுவார். வெறும் பெயர் இருக்காது. அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி இருக்கும். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. "கல்யாணப் பத்திரிகையில மாமன் மச்சான் பேரு போடற மாதிரி இன்னாக்கா இது?" என்று கிண்டல் செய்வேன். "இவங்க கைய எடுத்துட்டா, அந்தக் கம்ப்யூட்டர வெச்சிக்கினு நீ இன்னாடா பண்ணுவ?" என்பார்.

சிறுநீரகம் கெட்டு, சென்னையில் மருத்துவமனையில் கிடந்தபோது, இத்தனை வருடமும் உடன் இருந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரு நன்றி எழுதினார். ஒரு முழுப் பக்கம் வரும். மாமா கையில் கொடுத்தனுப்பினார். தாளின் மேலே எனக்கு ஒரு குறிப்பு: "இடம் பத்தலன்னா என் தலையங்கத்த எடுத்துடு. இத எடுக்காத."

இடம் பற்றத்தான் இல்லை. சைக்கிளில் வேலைக்குப் போன காலத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரை இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு வரியைக் குறைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. தலையங்கம் இல்லாமல் ஓர் இதழா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நன்றிதானே, அடுத்த மாதம் போட்டால் கெட்டா போய்விடும் என்று அக்கா எழுதியதை எடுத்து வைத்தேன். முழுதாகப் படிக்கக்கூட இல்லை.

அச்சான இதழை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அக்கா முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினார். பிறகு முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். இதழை மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உன் கட்டுரை நல்லா வந்துகீதுடா" என்றார்.

"அடுத்த மாசம் உன்னுத மொத பக்கத்துலயே போட்டுடறேங்க்கா."

"சரிடா."

அடுத்த மாதத்துக்கு அக்கா இருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த மேரியம்மா என்னைத் தனியே அழைத்தார். கம்பெனிக் கேண்டீனில் வேலை பார்ப்பவர். "உங்க அக்கா ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணி, உன் பேரு வருது பாருன்னு சொல்லிச்சிப்பா. நான் எங்க அண்ணன் ஊட்டுக்கும் சேத்து மூணு புக்கு வாங்கி வெச்சிகினேன். பிரிச்சா ஒண்ணியும் காணோம். அப்பால அதுவே திரும்ப போன் பண்ணி, நான்தான் கடைசி நேரத்துல எடுக்கச் சொல்லிட்டேன், தப்பா நெனச்சிக்காதன்னிச்சி. அதுக்கு மூச்சு வாங்குது, பேச முடியல. இதுக்காடி போன் பண்றன்னு நான்தான் திட்டினேன்."

பிறகு விசாரித்தேன். அக்கா எல்லோருக்கும் அப்படியே சொல்லியிருக்கிறார், ஒருவர் விடாமல். நான் மேரியம்மாவிடம் அன்றைக்கு ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த ஒரு வருடமும் உங்களில் பலரை வழியில் பார்த்திருக்கிறேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

அக்கா எழுதியது முழுவதும் அவருடைய கையெழுத்திலேயே மலரின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. கண் மங்கிய பெரியவர்களுக்காகச் சில வரிகளை இங்கே தருகிறேன்.

"மேரி: கேண்டீனில் யார் என்ன சேதி சொன்னாலும் சாப்பாட்டு டோக்கன் பின்னால் எழுதிக்கொண்டு வந்து தருவாள். ஒரு சாவுச் சேதியும் இதுவரை தவறவிட்டதில்லை.

தேவராஜ் அண்ணன்: ஷேர் ஆட்டோவில் ஊத்துக்கோட்டைக்கு இதழ்க் கட்டைக் கொண்டுபோவார். கட்டு ஒரு ஆள் இடத்தை அடைக்கும். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

வாசுகி: என் கிறுக்கலைப் படித்து டைப் அடிக்கிறவள். ஷிஃப்ட் முடிந்து வந்த கண்ணோடு.

எங்கள் வீட்டுக்காரர்: லீவு நாள் முழுக்க உட்கார்ந்து தாள் மடித்துவிட்டு, நீ சாப்பிட்டியா என்று என்னைக் கேட்பார். நான் அவரைக் கேட்டதில்லை.

என் பிள்ளைகள்: நான் ஊர்ச் சேதி கேட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம் தங்கள் சேதியைச் சொல்லக் காத்திருந்தவர்கள்.

தம்பி: நான் சொல்வதை எல்லாம் கேட்கமாட்டான். ஆனால் ஒரு மாதமும் என்னைக் கைவிட்டதில்லை."

அக்காவுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கும், மருத்துவமனைக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், முறை போட்டு இரவும் பகலும் துணை இருந்த பேக்கிங் பிரிவுப் பெண்களுக்கும், மழையிலும் கடைசிவரை உடன் நடந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அக்கா உங்களிடம் போனில் சொன்னது உண்மை இல்லை. உங்கள் பெயர்களை அவர் எடுக்கச் சொல்லவில்லை. எடுத்தவன் நான்.