மறுநாள் ராணி என்ன செய்தாள்

பதினோரு வயதில் என்னைப் போல் கர்வம் பிடித்த வாசகி திருநகரில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. மூன்றாவது பஸ் ஸ்டாப்பில் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. அங்கே மாயாஜாலக் கதைகளுக்கென்று இருந்த ஒரு தட்டை ஒரே கோடை விடுமுறையில் காலி செய்திருந்தேன். அதில் நான் படிக்காமல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடித்த நாவல். அட்டையில் சிறகு வைத்த குதிரை. எப்போது போய்க் கேட்டாலும் அது யார் வீட்டிலோ இருக்கும். அதைப் படித்துவிட்ட என் வகுப்புக்காரி ஒருத்தி, இப்படி ஒரு கதை உலகத்திலேயே கிடையாது என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள். இரண்டு மாதம் காத்திருந்தேன். என் பெயரை மறந்துவிடக் கூடாதென்று கடைக்கார அண்ணனுக்குத் தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு சிரிப்பு வேறு.

அது என் கைக்கு வந்த வாரத்தில்தான் சித்தியும் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. தை அறுவடையில் கதிர் அடிக்கும்போது ஒரு நெல் தெறித்து அவளுடைய வலது கண்ணில் பட்டுவிட்டது. ஊரில் நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டி நாலு நாள் பார்த்திருக்கிறார்கள். கண் சிவந்து சீழ் கோத்த பிறகுதான் சித்தப்பா மதுரைக்கு அழைத்து வந்தார். இரண்டு நாளைக்கு ஒருமுறை கண் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவளை எங்களிடம் விட்டுவிட்டு மாடு கன்றைப் பார்க்க அவர் ஊருக்குத் திரும்பினார்.

சித்தியின் இடது கண்ணில் ஏற்கெனவே ஒரு வெள்ளைப் படலம் உண்டு. சின்ன வயதில் அம்மை கண்டபோது வந்தது. பூ விழுந்த கண் என்று சொல்வார்கள். நான் பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்ததால், மூக்குத்தியும் மச்சமும் போல அதுவும் சித்திக்கு வாய்த்த ஓர் அடையாளம் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கண்ணுக்கு வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சித்தி இத்தனை காலமும் உலகத்தைப் பார்த்தது வலது கண் ஒன்றால்தான். அதைத்தான் இப்போது பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். இதிலும் பூ விழுந்துவிடுமோ என்று அம்மாவும் அப்பாவும் சமையலறையில் தணிந்த குரலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. விழுந்தால் விழட்டுமே, அதற்கு ஏன் இப்படிக் குசுகுசுவென்று பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.

சித்தி ஒரு நிமிஷம் சும்மா இருந்து பழகாதவள். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. வெங்காயம் உரிக்கக்கூட அம்மா விடவில்லை. காலை எட்டரைக்கு அப்பா தல்லாகுளத்தில் இருந்த ஆபீசுக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால், சுவரில் சாய்ந்தபடி தெருவில் போகிற பஸ்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வந்து அவளுக்கு ஏதாவது படித்துக் காட்டு என்று அம்மா எனக்கு உத்தரவு போட்டாள். இரண்டு மாதத் தவத்தில் கிடைத்த புத்தகத்தை வாய்விட்டு, ஆமை வேகத்தில் படிப்பதா என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

பத்தாவது பக்கத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஒரு முனிவரின் சாபத்தால் ராணிக்குப் பார்வை போகிறது. ஏழு மலைகளுக்கு அப்பால், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் ஒரு பூவைக் கொண்டுவந்தால் பார்வை திரும்பும். ராணிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர்கள் இருவரும் சோம்பேறிகள். கடைசிப் பிள்ளைதான் பூவைக் கொண்டுவருவான் என்பதைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை. இந்த ராணியை வேறு வேறு பெயர்களில் நான் ஏற்கெனவே ஐந்தாறு புத்தகங்களில் சந்தித்திருந்தேன். சிறகு வைத்த குதிரை மட்டும்தான் புதுசு. அதுவும் மூன்றாவது மலையிலேயே செத்துப்போனது.

எனக்கு வந்த ஏமாற்றத்தைச் சொல்லி மாளாது. யாரோ என்னை வேண்டுமென்றே முட்டாளாக்கியது போல இருந்தது. அந்த ஆத்திரத்தில், பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அடுத்து நடக்கப்போவதைச் சித்தியிடம் சொல்ல ஆரம்பித்தேன். இனி ஒரு கிழவி தண்ணீர் கேட்டு வருவாள் என்பேன், வருவாள். அவள் கிழவி இல்லை, தேவதை என்பேன், அப்படியே இருக்கும். அரக்கனின் உயிர் எதற்குள்ளாவது ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் என்றேன். ஏழாவது குகையில், பெட்டிக்குள் வண்டாக இருந்தது. சித்தி அசந்துபோனாள். முதலிலேயே படித்துவிட்டு ஏமாற்றுகிறாயா என்று கேட்டாள். இல்லை, எல்லாக் கதையும் இப்படித்தான் முடியும் என்றேன்.

"எல்லாக் கதையுமா தாயி?"

எல்லாமும்தான் என்று சலித்துக்கொண்டேன். சித்தி அன்றைக்கு வெகு நேரம் சந்தோஷமாக இருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்று அம்மா அப்பாவிடம் அதிசயமாகச் சொன்னாள். அதற்கும் என் சலிப்புக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சித்தியின் கண் கட்டை டாக்டர் கடைசியாக அவிழ்த்துப் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால் கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். நான் ஒரு பார்வையில் முழுப் பக்கத்தையும் மேய்ந்துவிட்டேன். நினைத்தது போலவேதான். இளவரசன் பூவைப் பிழிகிறான், சாறு விழுகிறது, ராணி கண் திறக்கிறாள், கோட்டை மணி அடிக்கிறது, மூன்று பேருக்கும் கல்யாணம். இதற்காகவா இரண்டு மாதம் காத்திருந்தோம் என்று ஆத்திரமாக வந்தது. இதைப் படிக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி, படிக்கிற குரலிலேயே என் சொந்த முடிவைச் சொன்னேன். இளவரசன் பூவைக் கொண்டுவந்து ராணியின் கண்ணில் வைத்துக் கட்டினான். நாலு நாள் கழித்து அவிழ்த்துப் பார்த்தார்கள். ராணிக்கு ஒன்றும் தெரியவில்லை. முற்றும்.

அந்த நாலு நாளும் கட்டும் எங்கிருந்து என் வாயில் வந்தன என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யாருமே எழுதாத ஒரு முடிவை எழுதிவிட்ட பூரிப்பில் இருந்தேன்.

சித்தி புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு, மறுநாள் ராணி என்ன செய்தாள் என்று கேட்டாள்.

"அம்புட்டுதான் சித்தி. கதை முடிஞ்சிருச்சு."

"அது எப்படி முடியும்? மறுநா விடிஞ்சிருக்கும்ல. எந்திரிச்சு என்ன செஞ்சா?"

எனக்கு எரிச்சல். கதை முடிந்த இடம் தெரியாத ஆளிடம் மாட்டிக்கொண்டோமே என்று இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ராணி அரண்மனைக்குள் அடிகளை எண்ணி எண்ணி நடந்தாள். பிள்ளைகளை அவர்கள் நடக்கிற சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தாள். படுக்கையிலிருந்து குளம் வரைக்கும் ஒரு கயிறு கட்டச் சொல்லி, அதைப் பிடித்துக்கொண்டே போய்க் குளித்தாள். சித்தி ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"கயிறு சரிவராது. ஆடு மாடு தட்டிவிட்டுரும்."

அரண்மனைக்குள் ஆடு மாடு எப்படி வரும் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. அப்படியானால் எண்ணுகிறதுதான் சரி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போய்த் துவைக்கிற கல் அருகில் வைத்து முதுகில் ஓர் அறை விட்டாள். ஒழுங்காகப் புத்தகத்தில் உள்ளதைப் போய்ப் படி என்றாள். அது நன்றாக இல்லை என்று நான் அழுதுகொண்டே வாதாடினேன். இரண்டாவது அறை விழுவதற்குள், சித்தி சுவரைத் தடவிக்கொண்டு பின்கட்டு வரை வந்துவிட்டாள்.

"பிள்ளைய விடுக்கா. அது சொன்ன கதைதான் நல்லாருக்கு."

எனக்கு அடி வாங்கிய வலி பறந்துபோயிற்று. மறுநாள் பள்ளிக்கூடத்தில், நான் முடிவை மாற்றிச் சொன்ன கதை அசல் கதையைவிட நன்றாக இருந்ததாக என் சித்தியே சொன்னாள் என்று அந்த வகுப்புக்காரியிடம் பீற்றிக்கொண்டேன்.

கட்டு அவிழ்த்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் அம்மா நேரே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பூ விழுந்துவிட்டது, புண் உள்ளே வரைக்கும் போய்விட்டதாம், இனி செய்வதற்கு ஒன்றும் இல்லையாம் என்று அப்பாவிடம் சொல்லும்போது அவள் முகம் அடுப்பையே பார்த்தபடி இருந்தது. நான் கூடத்துக்கு ஓடிப்போய்ச் சித்தியின் முகத்தைப் பார்த்தேன். வலது கண்ணிலும் இடது கண்ணில் இருந்தது போலவே வெள்ளையாக இருந்தது. இரண்டும் இப்போது ஒன்று போல ஆகிவிட்டதென்று அவளிடம் சொன்னேன். நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தேன். அவள் என் முகத்தைக் கையால் தேடி எடுத்து, கன்னத்தையும் மூக்கையும் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள்.

பிறகு பல வருஷம் சித்தி அந்தக் கிராமத்து வீட்டில் வாழ்ந்தாள். பால் கறந்தாள், சோறு வடித்தாள், இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். ஆடுகளுக்கு வெவ்வேறு மணி கட்டியிருந்தாள். நான் லீவுக்குப் போகும்போது வாசல் தாண்டுவதற்குள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அந்தக் கதையைப் பற்றி அவள் ஒருநாளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வந்தபோது அவள் இல்லை. அந்த நாவலை எழுதியவர் யாரென்று இப்போது ஞாபகம் இல்லை. ஆனால் பூவைப் பிழிந்ததும் ராணி கண் திறந்தாள் என்று அவர் எழுதியதற்காக அவர்மேல் எனக்கு இருந்த கோபம் என்றைக்கோ போய்விட்டது. அந்த ஒரு பக்கத்தை உள்ளபடி படித்துக் காட்டியிருந்தால் சித்திக்கு இரண்டு நாள் நிம்மதியாவது கிடைத்திருக்கும். அதை நான் கொடுக்கவில்லை. இந்தக் குறை எனக்குத் தீரவில்லை.

சித்தப்பா வந்து அழைத்துப் போன காலை வேளை நன்றாக நினைவிருக்கிறது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். நான் சித்தியின் கையைப் பிடித்திருந்தேன். கையை விடச் சொன்னாள். நிலைப்படியிலிருந்து கேட்டை நோக்கித் தனியாக நடந்தாள். உதடுகள் அசைந்தன. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சித்தி ஊருக்குப் போவதால் அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சித்தி என் ராணியைப் போல எண்ணுகிறாள். போகிற நேரத்தில் என்னுடைய கதையை விளையாடிக் காட்டுகிறாள். சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் ஓடிப்போய் நானும் சேர்ந்து சத்தமாக எண்ணினேன். பதினோராவது அடியில் அவள் கை கேட்டைத் தொட்டது. நான் கை தட்டினேன்.