ஈரக் கயிற்றில் கட்டிய ஜாக்கி

என் அண்ணன் பஞ்சநாதன் கடலுக்குப் போகாதவர். தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கட்டுமரம் ஏற, அவர் மட்டும் செம்மண்டலத்தில் சுப்பராயலுவின் ஒர்க்‌ஷாப்பில் கார் மெக்கானிக் ஆனார். ஆனாலும் கயிற்றைத் தொட்டால் அது மீனவர் கைதான். நனைக்காமல் முடிச்சுப் போடமாட்டார்.

சிதம்பரத்து அரிசி ஆலைக்காரர் மகன் தட்சிணாமூர்த்திக்குக் கார்ப் பந்தயத்தில் பித்து. அறுபத்து நாலாம் வருஷம், மதராஸிலிருந்து நெடுந்தூரம் ஓட்டும் பந்தயம் ஒன்றுக்கு அவர் காரை அண்ணன்தான் தயார் செய்தார். வழியில் கார் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களே சரிசெய்துகொள்ள வேண்டும். அதனால் பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஜாக்கி, ஸ்பானர்கள், தண்ணீர் டின் எல்லாவற்றையும் அங்கே வைத்து, தேங்காய் நார்க் கயிற்றை நனைத்து இறுக்கிக் கட்டினார்.

"டேய் பஞ்சநாதா, இது காரா கட்டுமரமா? வரும்போது வஞ்சிரம் புடிச்சாரப் போறியா?" என்று சுப்பராயலு கேலி செய்தார்.

"அலையிலயே அவுறாத கட்டு மொதலாளி. ரோட்டுலயா அவுறப் போவுது?"

கடலில் கயிறு காய்வதில்லை. நனைந்தே கிடப்பதால் இறுக்கமாகவே இருக்கும். சித்திரை வெயிலில், மூடிய காருக்குள் அதே கயிறு காய்ந்து தொய்ந்துவிடும் என்று அண்ணனுக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே தோன்றியிருக்காது.

பந்தயத்துக்கு முன்னால் புவனகிரி சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். குறுக்கே ஓர் ஆடு வந்தது. தட்சிணாமூர்த்தி பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. ஆடு பிழைத்துக்கொண்டு ஓடியது. பின்னாலிருந்து பாய்ந்த ஜாக்கி அவர் பிடரியில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

அதன்பிறகு அவர் காதில் இரும்பு உருள ஆரம்பித்தது. சோற்றைப் பிசைந்தபடியே நிமிர்வார்.

"குப்பு, என்னா உருளுது?"

"ஒண்ணும் உருளலண்ணே. சாப்பிடு."

அம்மிக் குழவியை எடுத்துப்போய்க் கொல்லை மண்ணில் பாதி புதைத்துவைத்தார். மசாலா அரைக்கும் போதெல்லாம் அதைத் தோண்டி எடுத்துக் கழுவிக்கொள்வேன். பஸ்ஸில் ஏறினால் இடம் இருந்தாலும் உட்காரமாட்டார். டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

மறுவருஷம் தட்சிணாமூர்த்தியின் தம்பி ஞானசேகரன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மேஸ்திரி, அதே கார்ல இந்தத் தடவ நான் போறேன். நீங்கதான் வந்து சாமானக் கட்டணும்."

"வேற ஆளப் பாருங்க தம்பி. என் கையி வேணாம்."

"வேற ஆளு எப்படிக் கட்டுவான்னு எனக்குத் தெரியாது. நீங்க எப்படிக் கட்ட மாட்டீங்கன்னு நல்லாத் தெரியும்."

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினார்.

இந்த முறை கயிறே இல்லை. ஜாக்கியைத் தரையில் படுக்கவைத்து, மேலே இரும்புப் பட்டை போட்டு, போல்ட் முடுக்கினார். ஸ்பானர்களுக்காகக் கித்தான் துணியில் தனித்தனி அறை வைத்து நான் தைத்துக் கொடுத்தேன். அதைச் சுருட்டித் தோல்வாரால் தரையோடு சேர்த்துப் பூட்டினார். தண்ணீர் டின்னுக்கும் வார் போட்டுச் சீட்டின் முதுகோடு ஒட்டி நிறுத்தினார்.

மறுபடியும் புவனகிரி சாலை. நடந்ததை ஞானசேகரனே பிறகு எங்களிடம் சொன்னார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "மிதிங்க" என்றிருக்கிறார். மிதித்ததும், "உருளுது, எறங்குங்க" என்று பின்னால் போய்ப் பார்த்திருக்கிறார். ஒன்றும் அசையவில்லை. மறுபடி மிதிக்கச் சொல்லி, மறுபடி இறங்கி, வாரையெல்லாம் அவிழ்த்து மாட்டி, மறுபடியும் உருளுது என்றிருக்கிறார். வெயில் ஏறிவிட்டது.

கடைசியில் ஞானசேகரன் கேட்டாராம்: "மேஸ்திரி, எங்கண்ணன் செத்த அன்னைக்கு இந்தச் சத்தம் கேட்டுச்சா?"

அண்ணன் தோல்வாரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இல்ல தம்பி. அன்னைக்கு ஒரு சத்தமும் கேக்கல." பிறகு, "பந்தயத்துக்கு நானும் வர்றேன். ஜாக்கி மேல கைய வச்சிக்கிட்டே வர்றேன்" என்றார்.

"தூங்கிட்டா?"

"நீங்க ஓட்டுற ஓட்டுக்கு எவன் தூங்குவான்?"

அவர்கள் ஜெயிக்கவில்லை. கார் திரும்புகிற அன்று அண்ணி அஞ்சம்மாளோடு நானும் சிதம்பரம் போய், ஆலை வீட்டு வாசலோரம் நின்றிருந்தேன். ஞானசேகரன் இறங்கியதும் அவர் தாயார் ரத்தினம்மாள் மகன் தலையைக் குனியவைத்துப் பிடரியைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் காருக்குள் பார்த்தார்.

அண்ணன் இறங்கவில்லை. வலது கை இரண்டு சீட்டுக்கும் நடுவே பின்னால் போயிருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"எறங்குப்பா. வந்து சாப்பிடு" என்றார் ரத்தினம்மாள்.

"தம்பிய மொதல்ல அப்பால கூட்டிட்டுப் போங்கம்மா."

அந்த அம்மாள் மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டு முன்னாலிருந்த மாமரம் வரைக்கும் பின்னால் நகர்ந்து போனார். அதைப் பார்த்தபிறகே அண்ணன் ஜாக்கியிலிருந்து கையை எடுத்தார்.