ஹங்கேரி ஓவியர் கொடுத்த படம்

சென்னை ஓவியக் கல்லூரியில் நான் கடைசி வருஷம் படித்தபோது, ஹங்கேரியிலிருந்து ஒரு பெண் ஓவியர் வந்து எங்களுக்கு லினோ அச்சு, அதாவது ரப்பர் மாதிரித் தகட்டில் படத்தைச் செதுக்கி மை தடவித் தாளில் ஒற்றி எடுப்பது, சொல்லிக்கொடுத்தார். ஊர் திரும்பும் அன்று அப்படி அச்சிட்ட தன் படம் ஒன்றை எனக்குத் தந்தார். அவர் ஊரில் ஓபரா ஒன்றைப் பார்த்துவிட்டுச் செய்தது. ஓபரா என்றால் நம் பழைய இசை நாடகம் மாதிரி. கதை முழுக்கப் பாட்டிலேயே நடக்கும். படத்தில் கறுப்பு மேடையில் ஒருத்தி வாயை அகலத் திறந்து பாடுகிறாள். அவள் குரல் சிவப்புக் கோடுகளாகத் தாளின் மேல்விளிம்பு வரை ஏறுகிறது.

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபோது அதற்குத் தேக்குச் சட்டம் போட்டு எடுத்துவந்து ஹாலில் மாட்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஆனதும் மாமியார் அதன் முன்னால் போய் நின்றார்.

"இவ எதுக்கு இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதா?"

"பாடுதா அத்தை."

"வாரவுக, இந்த வீட்டுப் பொம்பளைகளுக்கு வாய் நீளம்னு நெனைக்க மாட்டாவளா?"

என் கணவரே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார். கல்யாணம் முடியட்டும், திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்றார்.

கல்யாணம் முடிந்தது. அதே ஆணியில் அதே தேக்குச் சட்டம் ஏறியது. உள்ளே நாத்தனாரும் மாப்பிள்ளையும் மாலையோடு நின்றார்கள். "சட்டம் சும்மாதானே கெடந்துச்சு" என்றார் மாமியார். படம் மாடி அறையில் பீரோவுக்கு மேல் கிடந்தது. ஒரு பழைய துணியைச் சுற்றி அங்கேயே வைத்தேன்.

ஆனியில் சாரல் பிடித்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று டிவியில் சொன்னால் போதும், எங்கள் வீடு லாட்ஜ் ஆகிவிடும். மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் மாடியில் தங்கி, அங்கேயே உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனார்கள். என்னால் அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு மாடியைக் கூட்டப் போனேன். தரை பாழாகக் கூடாதென்று எண்ணெய் கேனுக்கு அடியில் யாரோ கெட்டித் தாளாகப் பார்த்து விரித்திருந்தார்கள். பாடகியின் முகம் எண்ணெய் ஊறி மஞ்சளாகியிருந்தது. சிவப்புக் கோடுகளின் மேல் ஈரக் கால் தடங்கள்.

கீழே கொண்டுவந்து கணவரிடம் காட்டினேன்.

"பேப்பர்தானேட்டி. போட்டோ இருந்தாக் குடு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளெக்ஸ் அடிக்கவன்ட்டச் சொல்லி இதைவிடப் பெருசாப் போட்டுத் தாரேன்."

"தெரியாமச் செஞ்சதுக்கு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்காத" என்றார் மாமியார். "அவுக காதுக்குப் போனா வருத்தப்படுவாவ."

என் வருத்தத்தைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை. சோறு வடிக்கப் போனேன்.

அந்த ஓவியருக்கு வாட்ஸ்அப்பில் நடந்ததை எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: அதே படத்தின் இன்னொரு பிரதி தன்னிடம் இருக்கிறது, முகவரி கொடுத்தால் அனுப்புகிறேன் என்று. எவ்வளவோ எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், அனுப்ப வேண்டாம், இந்த வீட்டில் எனக்கென்று சுவர் இல்லை என்று மட்டும் எழுதினேன்.

அவர் படித்துவிட்டார் என்று போன் காட்டியது.